மலர் ரீச்சர் ஏறி இறங்கிய ஒன்பது வீடுகள்

நெல்லியடியில் ஒரு மின்சாமான் கடையில் நின்றிருந்தேன். புது ரீவிக்கும் அம்பிளிபயருக்கும் மின்னல் பாதுகாப்புப் பெட்டி வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். எது நல்லதென்று கேட்க, வழக்கம்போல மலர் ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய தம்பி பேசினார்.

“அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா, ரீச்சர். காலமை தேத்தண்ணி வைக்கப் போனவ, குசினியிலேயே விழுந்திட்டா.”

“என்ன கதைக்கிறியள்? நேற்றுப் பின்னேரம் என்னோட கதைச்சவ!”

“ஓம். எங்களோடையும் கதைச்சவதானே.”

“எதைத் தரட்டும்?” என்றார் கடைக்காரர். மலர் ரீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர்.

பதினாறு ஆண்டுகள் ஒரே பாடசாலையில் அவர் பௌதிகவியலும் நான் தமிழும் படிப்பித்தோம். வீட்டில் பாட்டுப்பெட்டியோ ரீவியோ வாங்குகிறவர்கள் அவரைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள் என்பது அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். பாட்டுப் பைத்தியமான என் கணவர் ஒருமுறை, மின்சாரத்தைச் சுத்தமாக்கி ஒலியை இனிமையாக்குமாம் என்று ஒரு விலைகூடிய பெட்டியைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். ரீச்சர் அவரைச் சுவரைப் பார்த்து இருக்கச் சொன்னார். பெட்டியைப் பூட்டியும் கழற்றியும் ஒரே பாட்டை ஆறு தடவை போட்டார். பெட்டி பூட்டியிருக்கிறதா இல்லையா என்று கணவர் மூன்று தடவை சரியாகச் சொன்னார், மூன்று தடவை பிழையாகச் சொன்னார்.

“உங்கடை காதிலை குறையில்லை அண்ணை. விலை குடுத்த மனம்தான் கேக்குது” என்றார் ரீச்சர். கணவரே முதலில் சிரித்தார்.

அப்படிப்பட்டவர் எங்களுக்குச் சொன்னது ஒருமுறை பிழையாகிப்போனது. “ஒரு ஸ்ரெபிலைசர் காணும், வேறையொண்டும் தேவையில்லை” என்றிருந்தார். ஐப்பசி மழையில் மின்னல் அடித்து ரீவியும் அம்பிளிபயரும் கருகின. நான் யாரிடமும் குறை சொல்லவில்லை. ரீச்சர் தானாகவே வந்து, பிளக்குகளையும் கூரையிலிருந்து இறங்கிய டிஷ் வயரையும் நெடுநேரம் பார்த்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில், எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று என்னைக் காட்டினார்.

“நான் இவைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். கரண்ட் ஏறி இறங்கிறதைத்தான் ஸ்ரெபிலைசர் சமாளிக்கும். மின்னலுக்கு வேறை பெட்டி வேணும். எர்த் வயர் நிலத்துக்கு இறங்காட்டி அந்தப் பெட்டியும் சும்மா. டிஷ் வயரையும் அதுக்குள்ளாலை விடவேணும். அந்த வயரை நான் யோசிக்கேல்லை.”

“விடுங்கோ ரீச்சர், மின்னலுக்கு ஆர் என்ன செய்யிறது?” என்றேன்.

“மின்னலுக்கு ஒண்டும் செய்யேலாது. நான் சொன்னதுக்குச் செய்யலாம்.”

அதே ஆலோசனையை அவர் இன்னும் ஒன்பது வீடுகளுக்குச் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுவதும் பாடசாலை விட்டதும் மழையங்கியோடு ஸ்கூட்டரில் போய், ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, “நான் சொன்னது பிழை” என்று சொல்லிவிட்டு வந்தார்.

கொக்குவிலில் நடந்த ரீச்சரின் செத்தவீட்டுக்கு அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். “முந்தநாள் சந்தையிலை கண்டனான்.” “செவ்வாய்க்கிழமை கோல் எடுத்தவ.” ஆளாளுக்கு அவரைக் கடைசியாகக் கண்ட நேரத்தையே சொன்னோம், அதைச் சொன்னால் செய்தி பொய்யாகிவிடும் என்பதுபோல. எனக்கு இன்னும் அது செய்தியாகத்தான் இருக்கிறது. நடந்த ஒன்றாக மாறவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான்: பிழையை உரியவரின் படலைக்கே கொண்டுபோவது. போன தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை பார்த்தெழுதினாள் என்று வகுப்பின் முன்னால் ஏசினேன். அவள் பார்த்தெழுதவில்லை என்று பின்னர் தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன். சனிக்கிழமை உடுவிலில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். தாய் கதவைத் திறந்தார்.

“என்ன ரீச்சர், பிள்ளை ஏதும் பிழை செய்திட்டாளோ?”

“இல்லை அம்மா, நான்தான்” என்றேன்.