வார்டன் நிற்காத விடுதி

வளைகுடா நாட்டுச் சோஹார் நகரில் இருந்த அந்தத் தனியார்க் கல்லூரியின் பெண்கள் விடுதிக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. பேய், பிசாசு என்றெல்லாம் இல்லை. அங்கே வார்டன் நிற்கமாட்டாள், அவ்வளவுதான். பாடம் நடத்த ஆள் வேண்டுமென்று விளம்பரம் போட்டால் எங்கெங்கிருந்தோ விண்ணப்பங்கள் குவியும். வார்டன் வேலைக்குக் கேரளத்திலிருந்து ஒருத்தி வந்தாள், எகிப்துக்காரி ஒருத்தி வந்தாள், மணிலாவிலிருந்து ஒருத்தி வந்தாள். மூவரும் வந்த சூட்டோடு பெட்டியைக் கட்டினார்கள். ஆள் பிடிக்கும் பொறுப்பு மாணவியர் நலப் பிரிவுத் தலைவி ஜுபைதாவின் தலையில் விழுந்திருந்தது. சோஹாருக்குப் பக்கத்துச் சஹம் ஊர்க்காரி. கனத்த உடம்பு, கனத்த குரல், இந்தி சரளமாகப் பேசுவாள்.

ஜெபகனி அப்போது சோஹாரில் ஒரு சின்னக் கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர். கணவன் வில்பிரட் முட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவன். ஒரே மகள் சுபிஷாவை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒருநாள் காய்ச்சலில் துவண்டுபோன ஒரு மாணவியை ஜுபைதா அந்தக் கிளினிக்குக்குத் தூக்கி வந்தாள். மலைப்பக்கத்துப் பெண். ஊசியைக் கண்டதும் கட்டிலின் மூலைக்கு ஒண்டிவிட்டது. ஜெபகனிக்கு அரபி அவ்வளவாக வராது. தனக்கு வந்த தமிழிலேயே ஏதேதோ பேசிக்கொண்டு, முடியை ஒதுக்கிவிட்டு, பேச்சோடு பேச்சாக ஊசியை ஏற்றிவிட்டாள். அந்தப் பெண் என்ன மொழி என்றுகூடத் தெரியாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஜுபைதா நோயாளி யாருமில்லாமல் தனியாக வந்தாள். ஒரு வீடு நிறையப் பெண்பிள்ளைகளோடு உன்னால் இருக்க முடியுமா என்று, ஜெபகனிக்கும் ஓரளவு தெரிந்த இந்தியில் கேட்டாள். வீட்டு வேலைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்ட ஜெபகனி, நான் நர்ஸ், துணி துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ஜுபைதா சிரித்த சிரிப்பில் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விடுதியைப் போய்ப் பார்த்தபோது ஜெபகனியை இழுத்தது வேறொன்றுமில்லை, அந்த அறைதான். கிளினிக் கொடுத்த அறையில் நால்வர் அடுக்குக் கட்டிலில் கிடந்தார்கள். இங்கே தனி அறை, தனக்கென்று ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று தனியறை இருந்ததேயில்லை. சரியென்று தலையாட்டிவிட்டாள்.

வார்டன்கள் ஏன் ஓடினார்கள் என்பது முதல் வெள்ளிக்கிழமை புரிந்தது. அங்கே வெள்ளிதான் வார விடுமுறை; முந்தின நாள் மதியமே வாசலில் பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. பிள்ளைகள் பையும் சிரிப்புமாக ஏறிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்று மாடிக் கட்டடத்தில் அவள் ஒருத்தி. குழாய் சொட்டுவது கேட்டது. ஏசி ஓடி நிற்பது கேட்டது. அதுவரை நெருக்கியடித்த அறைகளில் இருந்தே பழகியவளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. கிளினிக்கில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று யோசித்தபடியே வெள்ளி முழுவதும் சோறு வடிக்காமல் கிடந்தாள்.

மறுவெள்ளி ஜுபைதாவின் கார் வாசலில் நின்றது. வீட்டில் மீன் நிறைய வந்துவிட்டது, நறுக்க ஆளில்லை, நீ கடற்கரைக்காரிதானே, யல்லா, ஏறு என்றாள். துணி துவைக்க மாட்டேன் என்றவளை மீன் நறுக்கக் கூப்பிடுகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஜெபகனி ஏறினாள். சஹமில் போய்ப் பார்த்தால் நாத்தனாரும் ஓரகத்தியுமாக அடுக்களை கொள்ளாத பெண்கள். மீனெல்லாம் எப்போதோ நறுக்கி மசாலா தடவியாகிவிட்டது. அவளைத் தட்டைச் சுற்றி உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். திரும்பும் வழியில் கிறிஸ்தவர்களின் வெள்ளி ஆராதனை நடக்கும் இடத்தில் இறக்கிவிட்டு, முடிந்ததும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனாள் ஜுபைதா. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளைக் கண்டு ஜெபகனி பயந்ததில்லை.

இப்போது நினைத்தாலும் அந்த வருடங்கள் ஜெபகனிக்கு வாசனையாகத்தான் வருகின்றன. மாலையில் பிள்ளைகள் சாம்பிராணி புகைத்துத் துணிகளுக்குக் காட்டுவார்கள். நடைவழியெல்லாம் புகை மிதக்கும். ஊருக்குப் போய் வரும்போது ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவருவார்கள்: பேரீச்சை, மலைத்தேன், காய்ந்த எலுமிச்சை. சுவைக் என்ற ஊர்ப்பக்கத்து மீனவர் வீட்டுப் பெண்ணொருத்தி ஒருமுறை கருவாடு கொண்டுவந்தாள். ஊர் நினைப்பில் ஜெபகனி தேங்காய் அரைத்து, புளி கரைத்து ஒரு குழம்பு வைத்தாள். மூன்று மாடியும் மணத்துப் போயிற்று. புகார் வரும் என்று பயந்து நின்றவளிடம் பிள்ளைகள் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்துவிட்டார்கள்.

அவள் முதலில் கற்ற அரபிச் சொல் ‘மௌஜூதா’. இருக்கிறாள் என்று பொருள். மாலையானால் அப்பன்மார் போன் பண்ணுவார்கள். மகள் பெயரைச் சொல்லுவார்கள். இவள் மௌஜூதா என்பாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, அல்ஹம்துலில்லாஹ், போன் வைக்கப்படும். பிள்ளைகள் அவளை ‘மாமா ஜெபா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அரபியில் மாமா என்றால் அம்மா. இதை வில்பிரட்டிடம் சொன்னபோது, “அங்க போயி நீ எனக்க பதவிய வாங்கிட்டியா?” என்று அவன் சிரித்ததில் போனே அதிர்ந்தது.

இத்தனையும் இருந்தும் ஒவ்வொரு மே மாதமும் அவள் ராஜினாமாக் கடிதம் எழுதிவிடுவாள். தேர்வு முடிந்து விடுதி காலியாகும்போது, சுபிஷாவின் நினைப்பு வந்துவிடும். கடிதத்தை வாங்கி ஜுபைதா கிழிக்கவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள். இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, லீவுக்குப் போய்வா, வந்த பிறகும் இதே எண்ணமிருந்தால் சொல்லு என்பாள். ஊருக்குப் போனால் முதல் வாரம் கொண்டாட்டம், அப்புறம் வீட்டுக்கு வீடு கடன், கல்யாணம், கூரை ஒழுகல். திரும்பி வந்தால் செப்டம்பரில் புதுப்பிள்ளைகள் அழுத கண்ணோடு பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்குள் கடிதம் மறந்துபோகும். தோஹாவில் ஒரு கல்லூரியிலிருந்து கூடுதல் சம்பளத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். ஜுபைதா அதைக் கேள்விப்பட்டாள். அந்த வெள்ளிக்கிழமையும் வழக்கம்போல் கார் வந்தது. ஜெபகனி தோஹாவுக்கு இல்லையென்று சொல்லிவிட்டாள்.

மூட்டுவலி முற்றி ஜுபைதா ஓய்வு பெற்றாள். அதற்கடுத்த மே மாதம் ஜெபகனி கடிதம் எழுதவில்லை. சுபிஷா நர்ஸிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சநாள் இருக்கலாம் என்று ஜெபகனியே மனதார முடிவு செய்திருந்தாள். அந்த வருடம்தான் கல்லூரி, பாடம் நடத்தாத ஊழியர்களையெல்லாம் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. துப்புரவு, காவல், பஸ், விடுதி, எல்லாம் இனி கான்ட்ராக்ட்.

கம்பெனியின் சூப்பர்வைசராக வந்தவன் ரவிசங்கர், திருச்சிப் பையன். நல்லவன்தான். அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் புது ஒப்பந்தத் தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

“அக்கா, எந்த சைட்டுக்கு வேணும்னாலும் மாத்தலாம்னு ஒரு வரி இருக்கு. அதப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. பின்னாடி என்னைத் திட்டக்கூடாது.”

அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்துச் சஹமுக்குப் போனாள். ஜுபைதா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். வழக்கம்போல் வாங்கி மடித்து வைத்துக்கொள்வாள் என்றுதான் ஜெபகனி எதிர்பார்த்தாள். ஜுபைதா தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இத்தனை வருஷம் கல்லூரிக்காக உன்னை நிறுத்தினேன். கம்பெனிக்காக நிறுத்த நான் யார்? இந்தத் தடவை நீயே யோசித்துக்கொள்.”

திரும்பும் வழியெல்லாம் ஜெபகனிக்கு அழுகை வந்தது. யாரோ கைவிட்டது போலவும் இருந்தது, யாரோ கையை விடுவித்தது போலவும் இருந்தது. மறுநாள் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு பருவம் முடியும்வரை விடுதியிலேயே விட்டுவைத்தார்கள். கம்பெனியின் நீலச் சட்டை கொடுத்தார்கள். பிறகு, வேறு சைட்டுக்கு மாற்றம் என்று போனில் ஒரு செய்தி வந்தது. சாவிகளைப் புதிதாக வந்த கென்யாப் பெண்ணிடம் கொடுத்து, எந்தக் கதவு இழுத்தால்தான் பூட்டும், எந்த அறைப் பிள்ளை சாப்பிடாமல் ஏமாற்றும் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அது நல்லதுக்குத்தான் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

புது சைட், தொழிற்பேட்டைக்குப் பின்னால் கம்பெனியின் பெண்கள் கேம்ப். துப்புரவுப் பெண்கள் தங்கும் கட்டடம்; அங்கேயும் வார்டன் வேலைதான். விடியுமுன் பஸ்கள் அவர்களை மருத்துவமனைக்கும் மாலுக்கும் கல்லூரிக்கும் கொண்டுபோகும். போன முதல் நாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருத்தி அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நாகவள்ளி. பரமக்குடிப் பக்கம். கல்லூரியில் வகுப்பறை துடைப்பவள். எத்தனையோ காலமாக நடைவழியில் பார்த்தால், குட்மார்னிங் மேடம் என்று ஒதுங்கி நிற்பாள். அவள் எங்கே தங்குகிறாள் என்று ஜெபகனி ஒருநாளும் கேட்டதில்லை.

“மேடம், நீங்க எப்படி இங்க?”

“மேடமெல்லாம் அங்கயே முடிஞ்சு போச்சு மக்ளே. அக்கான்னு கூப்பிடு.”

கேம்பிலும் ஆள் நிற்பதில்லை. இரண்டு வருடம் முடிந்ததும் ஊருக்குப் போனவள் திரும்ப மாட்டாள். கம்பெனி மறுபடி ஆள் தேடி அலையும். ஜெபகனி பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அடுப்புக்காக நேபாளப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் அடித்துக்கொண்டதை, முறை வைத்துத் தீர்த்தாள். முதுகுவலிக்காரிகளுக்குக் கீழ்க்கட்டில் வாங்கிக்கொடுத்தாள். விடுமுறை மாலையில் சும்மா நிற்கும் பஸ்ஸைக் கடற்கரைக்கு ஒருநடை அனுப்பச் சொல்லி ரவிசங்கரை நச்சரித்தாள். முதல் தடவை கடற்கரைக்குப் போனபோது, இத்தனை வருடம் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தோமா என்று ஒரு இலங்கைப் பெண் கேட்டாள். லீவுக்குப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

நாகவள்ளி மட்டும் ஊருக்கே போய்விடுகிறேன் என்றாள். கல்லூரிக்காரர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், எப்படியாவது பேசி நிறுத்துங்கள் என்று ரவிசங்கர் ஜெபகனியிடம் கெஞ்சாத குறை. பேசத்தான் போனாள். அடுக்களையில் நாகவள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதுக்கு இப்ப போகணும் என்று ஜெபகனி கேட்டாள்.

“எம்புள்ள இந்த வருசம் காலேஜ் சேந்துருக்குக்கா. எத்தன வீட்டுப் பிள்ளைக படிக்கிற ரூமத் தொடச்சுட்டேன். எம்புள்ள காலேஜ் விட்டு வாரப்ப நான் வீட்டுல இருக்கணும்.”

ஜெபகனி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுபிஷா கல்லூரி விட்டு வந்த மாலைகளில் தான் எங்கே இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். யார் யார் மகள்களுக்கோ மௌஜூதா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருடங்கள் பொய்யில்லை. அந்தப் பிள்ளைகளின் பாசமும் பொய்யில்லை. ஆனால் அந்த மாலைகள் இனி வராது. அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

“போ மக்ளே,” என்றாள். “திரும்பி வராத. ஆரு கூப்பிட்டாலும் வராத.”

ரவிசங்கரின் முகம் தொங்கிப்போனது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாளே என்றான். நின்றிருப்பாள், அதனால்தான் சொல்லவில்லை என்றாள் ஜெபகனி. ஆனாலும் நாகவள்ளி புறப்பட்ட அன்று அவன் ஏர்போர்ட்டுக்குக் கம்பெனி வேனையே அனுப்பி வைத்தான்.

சாமானை எல்லோருமாகக் கட்டினார்கள். நேபாளப் பெண்கள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினார்கள். வேன் வளைவில் திரும்பியதும் ஜெபகனி மாடிப்படியில் உட்கார்ந்து சுபிஷாவுக்குப் போன் போட்டாள். அவள் இப்போது நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள்.

“அம்மா, டியூட்டியில நிக்கேன். அவசரமா?”

“ஒண்ணுமில்ல மக்ளே. நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீ எப்ப வார?”

கான்ட்ராக்ட் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது, முடிந்ததும் மொத்தமாக வந்துவிடுகிறேன் என்றாள் ஜெபகனி. வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் இந்தத் தடவை சுபிஷா உடனே போனை வைக்கவில்லை. உண்மையாகவா என்று கேட்டாள்.

“உண்மையாத்தான். அப்பாகிட்ட சொல்லாத, நானே சொல்லுகேன்.”