மச்சான் என்று கூப்பிட்ட பேய்

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டும் வேலை. கை அதுபாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கும். மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்காது. சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும், பையில் இருக்கும் கதைப் புத்தகத்தை எப்போது எடுக்கலாம் என்று தவித்துக்கொண்டே இருப்பேன்.

எல்லாம் வாடகைக்கு எடுத்த துப்பறியும் கதைகள். ஒரு பங்களா, ஒரு பிணம், ஒரு பேய். பேய் என்று ஊரே நடுங்கும். கடைசியில் துப்பறிவாளர் வந்து வெள்ளைத் துணியை உருவுவார், உள்ளே ஓர் ஆள் நிற்பான், அவன்தான் கொலைகாரன். இருபது பக்கத்துக்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கண்டுபிடித்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் சிநேகிதி எனக்கு அடுத்து அதே புத்தகத்தைப் படிப்பாள். "முடிவைச் சொல்லிப்போடாத புள்ள, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிடுவாள். நான் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

அவளுக்கு ஒரே அக்கா. பல்லடத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் ஆடியில் அந்த அக்கா கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். தண்ணீர் சேந்தப் போன இடத்தில் கால் வழுக்கிவிட்டது என்றார்கள். எட்டு மாதக் கைக்குழந்தை இருந்தது. காரியம் முடிந்த கையோடு, அக்கா இடத்துக்குத் தங்கச்சியையே கட்டிவைத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். தையில் கல்யாணம். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் புத்தகம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

கார்த்திகையில் அவள் வேலைக்கு வரவில்லை. அக்கா பேயாக வந்து அவளைப் பிடித்துக்கொண்டது என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பேயோட்டப் பூசாரி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கால் நிற்கவில்லை. சிநேகிதிக்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். நிஜப் பேயைப் பார்க்கத்தான் ஓடினேன்.

நல்ல வெயில். அவள் வீட்டு வாசலில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். தலை விரிந்து கிடந்தது. பூசாரி உடுக்கையை அடித்து, "யாரு சாமி நீ? எதுக்கு வந்த?" என்று கேட்டார். எதிரே கட்டிலில் அந்த அக்கா புருஷன் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளிறியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் அடித்தொண்டையில் பேசினாள். "நாந் தானா உளுகலீங்க. கவுறும் கொடமும் ஊட்டுலயே இருக்கறப்ப நான் எதுக்குங்க கெணத்துக்குப் போறேன்? என்ற தங்கச்சியையும் அங்க அனுப்பாதீங்க. ஏனுங் மச்சான், நீங்களே சொல்லுங்க!"

பேய்கூட 'ங்க' போட்டுப் பேசியது. அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை, எங்கள் பக்கத்துப் பேய் வேறு எப்படிப் பேசும்? ஆனால் 'மச்சான்' என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் அக்கா புருஷனைத்தான் மச்சான் என்பார்கள். கட்டினவள் வெறுமனே 'ஏனுங்க' என்பாளே தவிர, செத்தாலும் மச்சான் என்று சொல்லமாட்டாள்.

"ஏனுங், கட்டுன புருசனைப் போயி அக்கா மச்சான்னா கூப்புடுவாங்க?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன்.

உடுக்கை நின்றது. முதலில் சிரித்தவர் அந்த மச்சான்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பா எழுந்து வந்து அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தார். அவள் அழவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டு, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். "படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான்" என்று யாரோ என்னை மெச்சினார்கள். வீடு வரும் வரை எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் பிசிறு வெட்டும்போதுதான் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. கயிறும் குடமும் வீட்டில் இருந்தால், அந்த அக்கா கிணற்றடிக்குத் தண்ணீருக்காகப் போகவில்லை. பிறகு எதற்குப் போனாள்? யார் கூட்டிப்போனது? புத்தகத்தில் இப்படி ஒரு துப்பு வந்திருந்தால் அந்தப் பக்கத்திலேயே ஆளைப் பிடித்திருப்பேன். பேசுவது யார் என்று கண்டுபிடிக்கிற அவசரத்தில், என்ன பேசினாள் என்பதையே விட்டுவிட்டேன். அன்று இரண்டு பனியனைத் துணியோடு சேர்த்து வெட்டித் திட்டு வாங்கினேன்.

பொறுக்கமுடியாமல் அவள் அப்பாவிடம் போய், கயிற்றையும் குடத்தையும் பற்றி விசாரியுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. "பேய் வேசம் போட்டவ பேச்சை நம்பச் சொல்றயா கண்ணு? வேசம்னு நீதான கண்டுபுடிச்ச?" என்றார். தையில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை, போக எனக்கு முகமில்லை.

பங்குனியில் ஒருநாள் பல்லடம் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மடியில் அக்கா குழந்தை. பக்கத்து இடம் காலியாக இருந்தது, அவளே நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன். "என்னை மன்னிச்சுரு புள்ள, தெரியாம வாயை உட்டுட்டேன்" என்றேன்.

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினாள். "உம்மேல எனக்குக் கோவமில்ல. கல்யாணம் எப்படியும் நடந்திருக்கும். அக்காதான் வந்திருக்கான்னு நெனச்சிருந்தா, அந்தாளு பயந்துக்கிட்டாவது எங்கிட்ட அடங்கி இருந்திருப்பாரு. இப்ப பேசுனது நாந்தான்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் ஊர் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.