ஒரு வாயை நம்பிய கம்பெனி

அந்தப் பற்பொடிப் பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற சீட்டில், பொடியின் பெயர் அடியில் மூன்று பாஷையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். மீதி இடம் முழுக்க முதலாளியின் முகம். ஜரிகைத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, அதற்குக் கீழே இரண்டு வரிசைப் பல்லும் தெரிகிற சிரிப்பு. சென்னையில் அச்சாகி ரயிலில் கட்டுக்கட்டாக வரும். கட்டைப் பிரித்தால் அத்தனை முகமும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கும். எனக்குப் பயமாக இருக்கும். பிறவியிலேயே நான் பயந்தவன். மழை பெய்தால் கூரையைப் பார்ப்பேன், பெய்யாவிட்டால் கிணற்றைப் பார்ப்பேன். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்து வந்த பயம் வீண் பயம் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நான் படித்தது ஆறாவது வரைக்கும்தான். அப்பா அரக்கோணம் பக்கத்திலிருந்து வேலை தேடி சிகந்தராபாத் வந்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். அவர் போனதோடு என் படிப்பும் போயிற்று. அங்கே இங்கே எடுபிடியாக இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் ஒர்க்‌ஷாப்பில் ஆள் எடுத்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எனக்கு இடம் நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். அதே வாரம் முதலாளி எங்கள் வாசலில் ஜட்காவிலிருந்து இறங்கினார். வேலூர்ப் பக்கத்துக்காரர், தன் முகத்தாலேயே ஊரில் பேர் வாங்கியவர். தெருவே எழுந்து நின்றது. “இன்னாத்துக்குடா கரியில போயி வுழற? ஒர்க்‌ஷாப்புல நீ ஆயிரத்துல ஒருத்தன். எங்கிட்ட வந்தா நீ என்னோட ஆளு” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பல்லைப் பார்த்து நான் ஒர்க்‌ஷாப்பை விட்டேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. இனியும் மன்னிக்கிற உத்தேசம் இல்லை.

அவருடைய வியாபார முறை ஒன்றே ஒன்றுதான். சந்தையோ, தர்காவில் உருஸ் திருவிழாவோ, சம்பள நாளில் ரயில்வே காலனியோ, எங்கே கூட்டமோ அங்கே மாட்டு வண்டியை நிறுத்தி அதன் மேல் ஏறுவார். தட்டில் கொட்டைப்பாக்கு இருக்கும். கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ஒரு பாக்கைப் பொறுக்கி, வண்டிச் சக்கரத்தில் தட்டிப் பார்க்கச் சொல்வார். கல் மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதும் வாயில் வாங்கி முன்பல்லுக்குக் கொண்டுவருவார். டக்கென்று ஒரு சத்தம். இரண்டு துண்டை உள்ளங்கையில் துப்பி உயர்த்திக் காட்டுவார். “வயசு அம்பது தாண்டிச்சு. ஒரு பல்லு ஆடல. எந்தப் பொடி? இந்தப் பொடி.” கீழே நின்று விற்கிற எனக்குக் கை ஓயாது. பொடி நல்ல பொடிதான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். லவங்கமும் கடுக்காயும் பக்குவமாகச் சேர்ந்தது. ஆனால் அவர் தேய்த்தது வேப்பங்குச்சி. பொடி இடிக்கிற அறைப் பக்கமே வரமாட்டார், தும்மல் வருமாம்.

“விளம்பரத்துக்கு நான் ஒரு தம்பிடி செலவு பண்ணதில்ல” என்பதுதான் அவர் போகிற இடமெல்லாம் சொல்லும் பெருமை. கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜரிகைத் தலைப்பாகை யார் செலவு? ஜட்காவும் குதிரையும், அத்தரும் ஷெர்வானியும், வருஷம் தவறாமல் ஸ்டூடியோவில் எடுக்கிற படங்களும் யார் செலவு? எல்லாம் கம்பெனிக் காசு. உருஸ் வருகிறதென்றால் அவருக்கு ஷெர்வானி வரும். பொட்டலம் மடிக்கிற பெண்களுக்குக் கூலி பாதியில் நிற்கும். “மொதலாளி நல்லா தெரிஞ்சாதான நமக்கு சோறு” என்று அந்தப் பெண்கள் வாயாலேயே சொல்ல வைத்திருந்தார். தன் முகத்துக்குப் போட்டதை அவர் செலவு என்றே நினைக்கவில்லை. பொடிக்கோ கடைக்காரருக்கோ எங்களுக்கோ கொடுக்க வேண்டியிருந்தால் அதுதான் அவருக்குச் செலவு.

இப்படி இருக்கும்போது பம்பாயிலிருந்து தகர டப்பாவில் ஒரு பற்பொடி வந்தது. டப்பாவின் மேல் யார் முகமும் இல்லை, ஒரு ரோஜாப்பூ மட்டும். பார்த்த சுவரிலெல்லாம் அந்தப் பூ. கடைக்காரர்களுக்குக் காலண்டர், வாங்குகிறவர்களுக்கு மாதிரிப் பொட்டலம் இலவசம். காலனி முனையில் கடை வைத்திருந்த பாய், ரயில்வேத் தமிழர்களோடு பழகித் தமிழ் பேசுகிறவர், நான் கொண்டுபோன கட்டைத் திருப்பித் தள்ளினார். “நக்கோ தம்பி, வேணாம். அவங்க காலண்டர் குடுத்தாங்க, மாட்டிட்டேன். ஒங்க சேட் இன்னா குடுத்தாரு? வந்தாரு, சிரிச்சாரு, போனாரு. சிரிப்ப செவுத்துல மாட்ட முடியுமா?” நான் அதை முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன். நாலு இடத்தில் பலகை வைக்கலாம், கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் கமிஷன் கொடுக்கலாம் என்றேன். தன்னை யாரோ திட்டிவிட்ட மாதிரி அவர் முகம் சுண்டியது. “என் வாய் இருக்கறப்ப பலக எதுக்குடா? மொகம் இல்லாதவன்தான் பூவப் போடுவான்.”

அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை கேட்டவர்களெல்லாம் உள்ளே போய், காலனியில் வீடும் வாங்கிவிட்டார்கள். என் பிழைப்பு மட்டும் ஒரு மனிதனின் ஈறில் நின்றுகொண்டிருந்தது. “ஒரு ஆளு பல்லுல எத்தினி குடும்பம் தொங்குது பாத்தியா” என்று பெண்சாதியிடம் சொன்னேன். “தொங்கனா தொங்கட்டும், நீ சோத்த முழுங்கு. அந்த ஆளுக்கே அவரு பல்லப் பத்தி இவ்ளோ கவல இருக்காது” என்றாள். அவள் சொன்னது சரி. அவருக்கு இல்லை, எனக்கு இருந்தது. அவர் சாப்பிடும்போது வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். கரும்பை விட்டார். சூடான காப்பியை இடது பக்கமாகவே வைத்து விழுங்கத் தொடங்கினார். அதை முதலில் கண்டவன் நான்தான். சொல்கிற தைரியம்தான் இல்லை. சொல்லியிருந்தால் அடுத்த நாள் எனக்கு வேலை இருந்திருக்காது.

மௌலா அலி மலை உருஸுக்கு அந்த வருஷம் கூட்டம் கொள்ளவில்லை. புது ஷெர்வானியில் வண்டி மேல் ஏறினார். பாக்கைப் பொறுக்கிக் கொடுத்தவர் ஒரு கட்டை குட்டையான ஆள், சக்கரத்தில் நன்றாகத் தட்டியே கொடுத்தார். முதலாளி கடித்தார். டக்கென்ற சத்தம் வரவில்லை. காய்ந்த குச்சி துணிக்குள் ஒடிகிற மாதிரி ஏதோ வந்தது. உடனே வாயை மூடிக்கொண்டார். கைத்துண்டை எடுத்து வாயில் வைத்தார், துண்டு சிவந்தது. கூட்டம் முதலில் ஒன்றும் புரியாமல் நின்றது. அந்தக் கட்டை ஆள் கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். “பாக்கு முழுசா கீதுங்க.” பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “இன்னா சேட், பொடி போட மறந்துட்டியா?” மலையடிவாரமே சிரித்தது. முதலாளி வண்டியிலிருந்து இறங்கினார். இறங்கும்போது என் தோளைப் பிடித்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. என் வீட்டு அடுப்புதான் ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் அவர் வெளியே தலை காட்டவில்லை. ஒரு பல் போனபின் பக்கத்திலிருந்ததும் ஆட ஆரம்பித்துவிட்டது. ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் தன் தலைப்பாகையை என் தலையில் வைத்து, அல்வால் சந்தைக்குப் போகச் சொன்னார். என் பல் உடைந்தால் என்ன செய்வது என்று நான் முழித்தேன். துண்டுக்குள்ளிருந்து பேசினார்: “பயந்தாங்கொள்ளி. அந்தப் பாக்க முன்னாடியே அறுத்து மெழுகு வெச்சு ஒட்டிக்கீறேன். சும்மா கடி.” திருடனுக்குத் துணை போகிற மாதிரி அந்தப் பாக்கை மடியில் கட்டிக்கொண்டு போனேன். வண்டியில் ஏறி நின்றதும் ஒருவர் கேட்டார்: “நீ யாரு?” முதலாளியோட ஆளு என்றேன். “ஒன் பல்லப் பாக்கவா வந்தோம்? அவரு பல்லக் காட்டு.” பாக்கு என் வாய்க்கே போகவில்லை. கூட்டம் பக்கத்து வளையல் கடைக்கு நகர்ந்துவிட்டது. பொடி அதே பொடி, விலை அதே விலை. முகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் முகத்தோடு போய்விட்டார்கள்.

அப்போதுதான் விளம்பரத்துக்குச் செலவு செய்யப் புறப்பட்டார். அதையாவது உருப்படியாகச் செய்தாரா? கதவகலத் தகரப் பலகைகளில், இருபது வயது குறைந்த தன் முகத்தைப் பெயின்டரை வைத்து எழுத வைத்தார். ஒரு பல் குறையாமல், பால் வெள்ளையாக. கம்பெனியில் மிச்சமிருந்தது, பெண்களின் கூலி, என் சம்பளம் எல்லாம் அந்தப் பல்லில் பூசப்பட்டது. காலனி முனைகள், மௌலா அலி பாதை, அல்வால் வரைக்கும் அவர் சிரித்தார். சில நாள்தான். பார்த்தால் ஒவ்வொரு பலகையிலும் ஒரு முன்பல் மட்டும் கறுப்பு. ரயில்வே காலனியில் கரிக்குப் பஞ்சமா? எந்தப் பல் உடைந்ததோ அதே பல். இடம் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. மறந்து போயிருக்கக்கூடிய ஊருக்கு அவரே காசு கொடுத்து தினம் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

அதைத் துடைக்கிற வேலை எனக்கு. விடிந்ததும் மண்ணெண்ணெய் டப்பாவும் கந்தலும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவேன். வேலைக்குப் போகிற அப்பாவின் சிநேகிதர்கள், என்னோடு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள், எல்லாரும் கீழே நின்று பார்ப்பார்கள். “இன்னா தம்பி, சேட்டுக்குப் பல்லு வெளக்க வந்தியா?” “அப்டியே நாக்கையும் வழிச்சி வுடு.” மண்ணெண்ணெய் கரியை மட்டுமா எடுக்கும்? பெயின்ட்டையும் எடுத்தது. துடைக்கத் துடைக்கப் பக்கத்துப் பற்களும் கரைந்து தகரம் தெரிந்தது. மாதக் கடைசியில் முதலாளி பலகையில் பொக்கை வாயோடு சிரித்தார். அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்.

பொட்டலம் மடிக்கிறவர்களில் மூத்தவளைப் பெரியக்கா என்போம். அவளும் நானும் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனோம். சீட்டில் முகத்தை எடுத்துவிட்டு ஒரு லவங்கப் படம் போடலாம், கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், இன்னும் கெட்டுப்போகவில்லை என்று சொன்னோம். “பொடி மணக்குதுங்க. மொகம் எதுக்கு?” என்றாள் பெரியக்கா. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “என் மொகத்த எடுத்துட்டா அது யாரு பொடி?” “பொடிதாங்க” என்றாள் அவள். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அடுத்த மழைக்குள் மற்றவர்களும் நின்றார்கள். பிறகு உரலும் சல்லடையும் விலை போயின. பம்பாய்க்காரன் அவரைக் கவிழ்க்கவில்லை. தன் முகம் போனால் கம்பெனியும் போகட்டும் என்று அவரே பிடிவாதமாக முடித்துவைத்தார்.

இப்போது தொலைக்காட்சியில் கடை முதலாளிகளே வந்து நின்று, தங்கள் கடைக்கு வரச் சொல்லி ஆடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அப்படி ஆடுகிறவருக்கு உடம்புக்கு வந்தால், வாயிலிருந்து ஒரு தப்பு வார்த்தை வந்தால், அந்தக் கடையில் துணி மடிக்கிற பெண்கள் என்ன செய்வார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. டிவியை அணைக்கச் சொல்லிக் கத்துகிறேன். கிழவனுக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்கிறார்கள்.

கம்பெனி மூடின பின்னால் மறுபடி ஒர்க்‌ஷாப்பில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். வயது கடந்துகொண்டிருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்துச் சான்று இருந்தால் கொஞ்சம் கூடுதல் கூலியில் எடுப்பார்கள் என்றார்கள். முதலாளியிடம் போய் நின்றேன். நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். துண்டுக்குள் அவர் சிரித்தாரோ என்னவோ தெரியவில்லை. “சான்று எதுக்கு? என் போட்டோ ஒண்ணு தரேன், எடுத்துக்கினு போ. பின்னாடி கையெழுத்துப் போடறேன். என்னத் தெரியாதவன் எவன் இந்த ஊர்ல?” என்றார். என் பெயரை எழுத வேண்டும் என்பது கடைசி வரைக்கும் அவருக்குத் தோன்றவில்லை. படத்தை வாங்கிக்கொண்டேன். தெருமுனைச் சாக்கடையில் போட்டுவிட்டு நடந்தேன்.

ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் மீசை முளைக்காத பையன்கள். பக்கத்தில், அன்றைக்கு ஏணியடியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள், உள்ளே போகிற அவசரமில்லாமல் நின்றிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வயசாயிட்டுதே. இத்தினி வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்த?” அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்தவர்களின் முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

“சும்மாதாங்க இருந்தேன்” என்றேன்.

அவர் தலை நிமிராமல் அப்படியே எழுதிக்கொண்டு, என்னைப் பையன்களோடு பையனாகக் கடைநிலைக் கூலியில் சேர்த்தார்.