மழைக்கு ஸ்தோத்திரம் சொன்ன ஞாயிறு

மலையில் மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் வரும் என்று எங்கள் சபையில் இன்னும் எல்லோரும் நம்புகிறார்கள். மேலே அணை கட்டி, தண்ணீரைப் பிடித்துவைத்து, கரண்ட் எடுக்கிற நேரம் பார்த்துத் திறந்துவிடுகிற இந்தக் காலத்திலும் அந்த நம்பிக்கைக்கு ஒரு கேடும் வரவில்லை. அமரவிளைக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் வாழை வைத்திருக்கிற எனக்குத் தெரியும், ஆறு இப்போது வானத்தைப் பார்த்து நடப்பதில்லை. காலையில் முழங்காலுக்கு ஓடும். சாயங்காலம் இடுப்புக்கு ஏறும். வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. மோட்டாரின் குழாயை ஏற்றுவதும் இறக்குவதும் பாத்திரம் கழுவுவதுபோல எனக்குத் தினசரி வேலையாகிவிட்டது.

அந்த வருடம் ஏத்தன் வாழை, அதுதான் நேந்திரன், நன்றாகக் குலை தள்ளியிருந்தது. ஓணத்துக்கு உப்பேரி என்கிற வாழைக்காய் வறுவல் போட ஏத்தங்காய் வேண்டும். அதற்குள் முற்றிவிட்டால் எங்கள் ஒரு வருடப் பாடு கைக்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஆறு வற்றியது. ஞாயிறு ஆராதனையில் மழைக்காக விசேஷ ஜெபம் வைத்தார்கள். முன்னால் நின்று உருகி ஜெபித்தவர் என் வீட்டுக்காரர். பாடகர் குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

மழை பெய்யவும் செய்தது. மேலே மலையடிவாரத்தில் வெள்ளறடைப் பக்கம் கொட்டுகிறது என்று போன் மேல் போன். ஆற்றில் மட்டும் பழைய தண்ணீர்தான்.

"மழைக்கு ஒரு கொறையும் இல்ல, ஆறு மட்டும் ஏன் வரல்ல?" என்று இவர் என்னிடமே கேட்டார்.

"பெய்யது எல்லாம் அணைக்கட்டுக்க வயித்துக்கு உள்ளயாக்கும் போவுது. அது நெறஞ்ச பெறவுதானே நமக்கு."

"உனக்கு எதுலயும் ஒரு கொறை உண்டு பிள்ளே. வாற ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை வச்சாச்சு."

வராத தண்ணீருக்கு நன்றி சொல்லக் கிளம்பினோம். அன்று நல்ல வெயில். பாட்டு பாதியில் இருக்கும்போது ரோட்டில் ஓர் ஆட்டோ மைக்கில் மலையாளத்தில் ஏதோ கத்திக்கொண்டு வந்தது. லாட்டரி விற்கிறவன் என்று நினைத்தேன். இவர் முகத்தைச் சுளித்தார். பாடிக்கொண்டே போய் ரோட்டுப் பக்க ஜன்னலை இழுத்து அடைத்தார். அடுத்த சரணத்தை எல்லோரும் இன்னும் உரக்கப் பாடினார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "அணை நெறஞ்சு ஷட்டரைப் பொக்கித் தண்ணியைத் தொறந்து விட்டாச்சு. ஆட்டோவில விளிச்சுச் சொல்லிட்டுப் போனாங்களே, கேக்கல்லியா?"

கேட்டிருந்தால் மோட்டாரையாவது கரையேற்றியிருப்போம். வாழைகளுக்கு முட்டு கொடுத்திருப்போம். ஓடிப்போய்ப் பார்த்தபோது மோட்டார் இருந்த இடமே தெரியவில்லை. தலைக்கு மேல் வெயில் சுட்டது, தோட்டத்துக்குள் கலங்கல் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடியது. அழுகையைவிட எனக்கு எரிச்சல்தான் வந்தது. மழையிடம் கோபப்படலாம். கடவுளிடமும் சண்டை போடலாம், கேட்டுக்கொண்டிருப்பார். ஷட்டரிடம் போய் என்ன பேசுவது?

இவர் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, சாய்ந்துகொண்டிருந்த ஒரு வாழையைத் தோளால் தாங்கிப் பிடித்திருந்தார். சுற்றிலும் மற்றவை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவரிடம் சொல்ல வழிநெடுக வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன்.

"பிள்ளே, அந்த ஜன்னலை நானாக்கும் அடச்சேன்," என்றார்.

"கண்டேன். தொறந்து கெடந்தாலும் நீங்க பாட்டை நிறுத்தியிருக்கப் போறீங்களா? அதை விடுங்க. விழுந்து சேறாகுறதுக்கு முன்ன குலையையாவது எடுப்போம்."

அவர் விடவில்லை. நான்தான் கத்தியோடு இறங்கி, அவர் தாங்கிக்கொண்டிருந்த வாழையின் குலையை வெட்டிக் கையில் வாங்கினேன். காய்கள் இன்னும் திரளவே இல்லை.