கீழிருந்து மேலேறிய பெயர்

எழுத்துப் பதிக்குமுன் எர்வின் லோமான் சூடேறிய பித்தளை அச்சைக் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். தோலில் தட்டும் வெக்கைதான் அவருக்கு அளவுகோல். பிறகு, தங்கத்தாளை எடுக்கும் தூரிகையை, தாள் அதில் ஒட்டிக்கொள்வதற்காகத் தன் மூக்கோரத்து எண்ணெய்ப்பசையில் ஒருமுறை தேய்ப்பார்.

ஜெர்மனியின் லைப்சிக்கில் புத்தகம் கட்டவும் அழகெழுத்து எழுதவும் பழகியவர். 1953இல் கப்பலேறி ஆக்லாந்து வந்தார். அங்கே புறநகரான ரானுயியில் வீட்டுக் கராஜே பட்டறை. பள்ளிகளுக்குச் சான்றிதழ் எழுதுவார். தேவாலயங்களுக்கு வேதாகமம் கட்டுவார். ஆய்வேடு கட்டியதில்லை. 1986இல் ஆய்வு மாணவி கௌரி கொண்டுவந்ததுதான் முதலாவது.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் அவளுக்கு விசா நீடிக்காது. மூன்று மணிக்கு அதை எடுத்துப்போகக் கணவன் குலசிங்கத்தோடு வந்தாள். ஆய்வேட்டின் நீலத் தோல் முதுகில் அவள் பெயர் பொன்னாக மின்னியது.

"இதென்னப்பா, எழுத்து கீழயிருந்து மேல ஏறுது! மேசையில வைச்சால் தலைகீழாக் கிடக்கும். உப்பிடிக் கொண்டுபோனா எடுக்கமாட்டாங்கள்" என்றான் குலசிங்கம்.

"மெல்லக் கதையுங்கோ. மனுசனுக்கு விளங்கிப்போடும்."

"தமிழ் விளங்குமே அவருக்கு?"

"உங்கட முகம் விளங்கும்."

விளங்கித்தான் இருந்தது. எர்வின் அலமாரியிலிருந்து ஒரு ஜெர்மன் புத்தகத்தை உருவி நீட்டினார். அதன் முதுகிலும் எழுத்து மேல்நோக்கியே ஏறியது. "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னவர், கௌரியின் கண்களைப் பார்த்ததும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

பதித்த பொன்னை அழிக்க முடியாது. அதே நீலத்தில் ஒரு தோல் துண்டைத் தாள்போலச் சீவி, பெயரின் மேல் ஒட்டினார். பசை காயவேண்டும். ஈரத்தோலில் சூடு பட்டால் கருகிவிடும்; இரண்டாவது துண்டுக்கு நேரமில்லை.

"மூன்றே முக்கால்" என்றான் குலசிங்கம்.

"வாய மூடுங்கோ, சிங்கம்."

நாலு மணிக்கு எர்வின் புறங்கையால் தோலைத் தொட்டுப் பார்த்தார். அச்சைக் கன்னத்தருகே வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். இம்முறை மேலிருந்து கீழாக முதல் எழுத்தை அழுத்தியபோது மெல்லிய சீறல் கேட்டது. அச்சு மேலெழுந்தது. பொன் நின்றது, தோல் கருகவில்லை. பதினோரு எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் அதே கன்னம், அதே காத்திருப்பு.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில் பல்கலைக்கழக அலுவலகத்து ஆள் ஆய்வேட்டை வாங்கி, முதல் பக்கத்தில் முத்திரை குத்தினான்.

மறு வருடம் அதே அலுவலகத்தில் வேலை கிடைத்தபோதுதான் கௌரி ஆய்வேட்டு விதிப்புத்தகத்தை முழுதாக வாசித்தாள். ஓரம் எவ்வளவு, தாள் எந்தத் தடிப்பு, எல்லாம் இருந்தன. முதுகெழுத்து எந்தத் திசையில் ஓடவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.