வாத்தியாரின் பெட்டிகளில் ஒரு வரி

வாத்தியாரின் மகன் எங்கள் வீட்டு கேட்டைத் தட்டியபோது அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஐம்பது வயதிருக்கும், நல்ல சட்டை, நல்ல கார். கூட வந்த அம்மாள் தான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்வதாகச் சொன்னார். “நான் நாடக வாத்தியாரோட மகன்க்கா” என்று அவர் சொன்னதும் கேட்டை மறுபடி சாத்திவிடலாமா என்றிருந்தது. ஆனால் அதற்குள் என் வீட்டுக்காரர் “வாங்க வாங்க” என்று வாயெல்லாம் பல்லாக வந்துவிட்டார்.

வடக்கு சிலாங்கூர்த் தோட்டங்களில் என் வயதுக்காரர்களிடம் வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து ஆசிரியர் இல்லை, இந்த ஒருவர்தான். பாட்டு நாடகம் எழுதுவார், அவரே இயக்குவார். மாரியம்மன் திருவிழா, தீபாவளி, கிறிஸ்மஸ் என்று ஒன்று விடாமல் லோரியில் திரைச்சீலையை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். இப்போது எண்பதைத் தாண்டி, சபாக்கில் மகன் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள், படங்கள், நோட்டீஸ்கள், வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் பெட்டி பெட்டியாக அந்த நூலகத்துக்குப் போய்விட்டனவாம். அடுக்கும்போதுதான் நூலகத்து அம்மாள் கவனித்திருக்கிறார், பாட்டு நாடகங்களில் பாட்டையே காணோம். பாட்டு வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘பாட்டு’ என்று ஒரு சொல், அதற்குக் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான்.

“பாட்டெல்லாம் தனி நோட்டுல இருந்துச்சாக்கா? தொலைஞ்சு போச்சா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தொலைவதற்கு முதலில் இருக்க வேண்டுமே. வாத்தியார் வேலை செய்யும் விதம் அப்படி. முழு நாடகத்தை யார் கையிலும் கொடுக்க மாட்டார். அவரவர் வசனத்தை மட்டும் துண்டுத் தாளில் எழுதித் தருவார், எதிராளி பேசும் கடைசி இரண்டு சொல்லோடு. முழுசாகக் கொடுத்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரன் நாடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். அவ்வளவு உஷார். ஆனால் பாட்டு மட்டும் அவருக்கு வராது. சத்தியமாக வராது. “இங்க அவ புருஷன நெனைச்சு அழுவுறா புள்ள, ஒரு பாட்டுப் போட்டுக்க” என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். சொல்லும் மெட்டும் நான் கட்டியவை. செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டே கட்டுவேன். நானும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் அது அவர் கைக்குப் போய்விடும் என்று அந்த வயதிலேயே ஒரு புத்தி. நோட்டீஸில் ‘கதை, வசனம், பாடல்கள், இயக்கம்’ என்று நான்குக்கும் ஒரே பெயர்தான் இருக்கும்.

இதைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். மகன் சும்மா இருந்திருக்கலாம். தேநீரைக் குடித்துக்கொண்டே, என்னைக் குளிரவைக்க நினைத்தாரோ என்னவோ, ஒரு கதையை ஆரம்பித்தார்.

“எங்கப்பா அடிக்கடி சொல்வாருக்கா. ஒரு தடவ கோலா சிலாங்கூர் டவுன் மண்டபத்துல நாடகம். ஒரு ஆளு நல்லா சம்சு சாராயம் அடிச்சிட்டு, மாலையும் கையுமா மேடையேறிட்டானாம். யாருக்குப் போடுறதுன்னே தெரியாம சுத்திச் சுத்தி வந்தானாம். அப்பா மைக்கப் புடிச்சு ஒரு பேச்சுப் பேசினாரு பாருங்க, மண்டபமே சிரிச்சிச்சாம். வாழ்க்கைக் குறிப்புல கூட எழுதியிருக்காரு.”

நூலகத்து அம்மாளும் சிரித்தார். “ஆமாக்கா, படிச்சேன்” என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பின்கட்டுப் பக்கம் நழுவினார்.

அந்த நாடகத்தில் நான்தான் கதாநாயகி. ஒத்திகை முழுக்க நான்தான். நாடகத்தன்று மதியம் வாத்தியார் வந்து, கிராணியின் மகள் நடிக்கட்டும், நீ திரைக்குப் பின்னால் நின்று பாடு என்றார். கிராணி தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர், மண்டபத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். அவர் மகள் நல்ல சிவப்பு. வாத்தியார் அதையும் மறைக்கவில்லை. “லைட்டுல உன் மூஞ்சி எடுக்காது புள்ள” என்றார். வீட்டுக்குச் சொல்லியனுப்ப நேரமில்லை.

எங்கள் பக்கத்து நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு மனதைத் தொட்டால் நாடகத்தின் நடுவிலேயே மேடையேறி மாலை போடலாம். ஆர்மோனியம் நிற்காது. நடிப்பவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு பாட்டைத் தொடர்வார். என் அப்பா டவுனில் மாலை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, பின் வரிசையில் என் பாட்டுக்காகக் காத்திருந்தார். அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் ஒப்பனையில் யாரும் யாராகவும் தெரிவார்கள். குரல் என் குரல். அது போதும் அவருக்கு. எழுந்து வந்து மேடையேறினார்.

கிட்டே போனதும்தான் முகம் தெரிந்தது. வாய் அசைவது ஒருத்திக்கு, குரல் வருவது வேறெங்கிருந்தோ. அப்பா நின்றுவிட்டார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். “தாயி, எங்க இருக்க?” என்று கேட்டார். நான் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே பாடினேன். வாத்தியார் என் பக்கத்தில் நின்று, நிறுத்தாதே என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சனங்கள் சிரிக்க ஆரம்பித்ததும் என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். “பெரியவர் இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா ஏத்திக்கிட்டாரு. யாராச்சும் அழைச்சிட்டுப் போங்க லா.”

இரண்டு பேர் வந்து அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினார்கள்.

என் அப்பா ஒரு சொட்டு தொட்டவர் இல்லை. எங்கள் சபையில் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவது அவர் வேலை. அடுத்த ஞாயிறு பாஸ்டர் அதை வேறொருவரிடம் கொடுத்தார். காரணம் கேட்கவில்லை அப்பா. கடைக்குப் போனால் “என்ன, மாலை வாங்கவா?” என்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு போவார், குனிந்துகொண்டு வருவார். என்னைப் பெண் கேட்டு வந்த ஒரு குடும்பம் ‘குடிகாரர் வீடு’ என்று திரும்பிப் போனது. சாகும்வரை அந்த மண்டபத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை அவர். நானும் அதோடு மேடையை விட்டேன்.

இதையெல்லாம் மகனிடம் சொல்லி முடித்தபோது அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “சாரிக்கா, தெரியாது” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பன் சொன்னதைத்தான் சொன்னார்.

நான் நூலகத்து அம்மாளிடம் கேட்டேன். “அந்தக் குறிப்புல இருக்கிறத எடுக்க முடியுமா?”

“முடியாதுக்கா. வந்தது வந்தபடிதான் இருக்கணும். வேணும்னா பக்கத்துல இன்னொண்ணு சேர்க்கலாம்.”

“அப்ப சேருங்க. வாத்தியார் தன் வாயால சொல்லட்டும், எங்கப்பா குடிக்கலன்னு. ரெக்கார்ட் பண்ணுங்க. அத முடிச்சாருன்னா நான் எல்லாப் பாட்டையும் பாடிக் குடுக்கிறேன்.”

வயிற்றெரிச்சலுக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு வழி கிடைத்ததே என்றிருந்தது எனக்கு. எப்படியும் மறுத்துவிடுவார், மறுத்தால் அதைச் சொல்லியே ஊரெல்லாம் நாறடிக்கலாம் என்றும் ஒரு கணக்கு. அவர் மறுக்கவில்லை. மறுநாளே போன் வந்தது. வாத்தியார் சந்தோஷமாக ஒத்துக்கொண்டாராம்.

என் வீட்டுக்காரர் சபாக்குக்கு ஓட்டிக்கொண்டு போனார். வாத்தியார் தலைக்குச் சாயம் போட்டு, பட்டு ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தார். என் பாட்டுக்கென்று ஆர்மோனியக்காரர் ஒருவரையும் வரவழைத்திருந்தார். “வாம்மா, நல்லா இருக்கியா?” என்றார், நேற்றுத்தான் ஒத்திகை முடிந்ததுபோல.

நூலகத்து அம்மாள் மைக்கை வைத்தார். முதலில் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் என்னைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பிறகு வாத்தியார் ஆரம்பித்தார். அடடா! “அந்தத் தொழிலாளி ஒரு துளி மது அருந்தியவரல்லர். நான் சொன்னது பொய்” என்றார். நிறுத்தினார். மூச்சை இழுத்தார். “ஒரு நாடகத்தைக் காப்பாற்ற ஒரு தகப்பனைப் பலி கொடுத்தேன்” என்றார். குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது, உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. கண்ணீர்கூட வந்தது. மகன் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நூலகத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, அவர்கள்தான் போகட்டும் என்று திரும்பினால், என் வீட்டுக்காரர் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

அந்த அறையில் எல்லாரும் வாத்தியாரைப் பார்த்துத்தான் அழுதார்கள். என் அப்பாவை யாரும் நினைக்கவில்லை. மன்னிப்பையும் அந்த மனிதர் ஒரு காட்சியாக்கி, அதற்கும் தானே கதாநாயகனாகிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“இப்ப நீ பாடும்மா” என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. ஆர்மோனியம் ஆரம்பித்தது.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “பாட மாட்டேன் வாத்தியாரே.”

“ஏம்மா, தொண்டை சரியில்லையா?”

“தொண்டை நல்லாத்தான் இருக்கு.”

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அக்கா, பேச்சுக் குடுத்தீங்களே!”

“ஆமா, குடுத்தேன். உங்கப்பாவும் எனக்கு வேஷம் குடுத்தாரு.”

ஆர்மோனியக்காரர் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரருக்கு என்மேல் கோபம். “ஒரு வயசானவரு கண்ணு கலங்கிப் பேசுறாரு, நீ என்னமோ கல்லு மாதிரி எந்திரிச்சு வர்ற.” எனக்கும் மூக்குக்கு மேல் வந்தது. “உங்க மாமனாருக்காக ஒரு நாளு கலங்கியிருக்கீங்களா நீங்க?” என்றேன். அப்படியே தஞ்சோங் காராங் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். ஓரமாக நிறுத்தி அவர் மாம்பழம் வாங்கினார், எனக்கு ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சில நாள் கழித்து நூலகத்து அம்மாள் கூப்பிட்டார். அந்தப் பதிவைப் பெட்டிகளோடு சேர்க்க வேண்டும், பட்டியலில் அதற்கு ஒரு வரி விவரம் போட வேண்டும். ‘மூத்த நாடகக் கலைஞரின் உருக்கமான மனந்திறப்பு’ என்று மகன் எழுதி அனுப்பியிருக்கிறாராம். பதிவில் என் குரலும் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டுமாம்.

“இதையெல்லாம் யாரு கேப்பாங்க?” என்றேன்.

“உண்மையச் சொல்லணும்னா, உக்காந்து கேக்குறவங்க கம்மிக்கா. கம்ப்யூட்டர்ல பட்டியலப் படிச்சிட்டுப் போறவங்கதான் அதிகம்.”

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அப்படியென்றால் அந்த மூச்சு, அந்தக் கண்ணீர், அந்தக் குரல் உடைதல் எல்லாம் பெட்டிக்குள். வெளியே இருப்பது ஒரு வரி. என் கையெழுத்து வேண்டுமென்றால் நான் சொல்கிற வரி. அவரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். ‘தோட்டத் தொழிலாளி குடித்துவிட்டு மேடையேறியதாகத் தான் சொன்னதும் எழுதியதும் பொய் என்று இயக்குநர் ஒப்புக்கொள்கிறார், இந்தச் சேகரிப்பில் நாடகங்களின் பாடல்கள் இல்லை.’ தொழிலாளி என்பதற்குப் பக்கத்தில் அப்பாவின் முழுப் பெயரைப் போடச் சொன்னேன். அந்த அம்மாள் யோசித்தார். “பொய்யா ஒண்ணும் இல்லக்கா இதுல” என்றார். தகப்பனின் பேச்சு உள்ளே போனால் போதும் என்று மகனும் தலையாட்டிவிட்டார். நான் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம் நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. வாத்தியாரேதான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு கிழவர் இளைத்துக்கொண்டே பேசினார்.

“அந்த வரிய எடுக்கச் சொல்லும்மா.”

“ஏன் வாத்தியாரே?”

“பேச்ச ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான். அத மட்டும் படிச்சிட்டு வந்து கேக்குறானுங்க. பேரன் கேக்குறான். காப்பிக் கடையில கேக்குறானுங்க, போன்ல காட்டிச் சிரிக்கிறானுங்க. இந்த வயசுல நான் எப்படிம்மா வெளிய போறது?”

இந்த முறை அவர் நடிக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“எங்கப்பா போன மாதிரி போங்க. தலையக் குனிஞ்சிக்கிட்டு.”

போனை வைத்தேன். மீனைக் கழுவி, மஞ்சள் தடவி, பொரித்தேன். அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கை சோறு கூடப் போட்டுச் சாப்பிட்டேன்.