சாவியும் விசிலும்

கண்ணுகளா, போன மழைக்காலத்துல ஒரு நாள் அப்பா சட்டையெல்லாம் சேறா ஊட்டுக்கு வந்து, நீங்க கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லாம படுத்துட்டேன் இல்லையா? அன்னைக்கு நடந்தது இதுதான்.

ஏற்காட்டுல என் ஜீப்பைச் சவாரிக்கு எடுத்த சென்னை மேடம் ஒருத்தங்க, வாழவந்தி பக்கம் இருக்கற காட்டுப் பாதைக்குத் துணைக்கு வரச் சொன்னாங்க. யாரோ முன்பின் தெரியாதவங்க அங்கே ஒரு டப்பாவை ஒளிச்சு வெச்சிருக்காங்களாம். இடத்தை போன் காட்டுமாம். போய்க் கண்டுபிடிக்கறது ஒரு விளையாட்டாம்.

"புதையலுங்களா மேடம்?"

"புதையல்தாண்ணா. ஆனா உள்ள பெருசா ஒண்ணும் இருக்காது. ஒண்ணு எடுத்தா, நம்மளோடது ஒண்ணு வெச்சிடணும்."

"அப்புறம் எதுக்குங்க இத்தனை தூரம்?"

சிரிச்சுக்கிட்டே முன்னால நடந்தாங்க. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. டவரே இல்லாத காட்டுல போன்ல அம்புக்குறி மட்டும் எப்படி ஓடுதுன்னு அது வேற குழப்பம்.

ஒரு பாறை இடுக்குல டப்பா இருந்தது. அதை எட்டி எடுத்தவங்க பாசியில வழுக்கி விழுந்துட்டாங்க. போன் பள்ளத்துல போச்சு. கணுக்கால் வீங்கி, எழுந்து நிக்கவே முடியலை. அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் இறங்கிடுச்சு. கையை நீட்டினா கை தெரியலை. என் பட்டன் போன்லயும் டவர் இல்லை. தூக்கிட்டு இறங்கலாம்னா ஒரு பக்கம் பள்ளம். ஆளைக் கூட்டி வரப் போனா, இந்தப் பனியில திரும்ப இவங்களை எங்கேன்னு தேடுவேன்?

"விட்டுட்டுப் போயிடாதீங்கண்ணா"ன்னு அழுதாங்க.

டப்பாவைத் திறந்தேன். கோலிக்குண்டு, ஹேர் கிளிப், பொம்மைக் கார், ஒரு பிளாஸ்டிக் விசில். விசிலை அவங்க கையில குடுத்து, "விட்டு விட்டு ஊதுங்க, சத்தத்தை வெச்சு வந்துடறேன்"னேன். அவங்களுக்கு நம்பிக்கை வரலை. ஜீப் சாவியையும் எடுத்து நீட்டினேன்.

"சாவிய விட்டுட்டு டிரைவர் எங்கீங்க போவான்?"

பாதையைக் காலால தடவித் தடவி இறங்கி, எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற லைன் வீட்டுல ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

"ஏனுங்க டிரைவரு, போன்ல வழி பாத்துப் போனவங்கள விசில்ல தேடறீங்களாக்கும்!"னு ஒருத்தர் கேலி பண்ணார்.

எனக்குச் சிரிப்பு வரலை. சத்தம் ஒரு தரம் வலது பக்கம் கேக்குது, அடுத்த தரம் முதுகுக்குப் பின்னால கேக்குது. தினம் பார்க்கற மலைதான், எது மேடு எது பள்ளம்னு புரியலை. நடுவுல சத்தம் நின்னே போச்சு. "மேடம், ஊதுங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். மெல்ல, மூச்சு வாங்கி ஊதற மாதிரி, இடது பக்கம் கேட்டுச்சு.

லைன் வீட்டுல இருந்து எடுத்து வந்த கம்பளியில மேடத்தை வெச்சுத் தூக்கி வந்தோம். ஜீப்புகிட்ட வந்ததும் சாவியை நீட்டினாங்க. அழுத்திப் பிடிச்சதுல சாவியோட பல்லு உள்ளங்கையில பதிஞ்சிருந்தது. "இதைத் திரும்ப வெச்சிடுங்கண்ணா"ன்னு விசிலையும் குடுத்தாங்க.

யாரோ ஒருத்தர், யாருக்குன்னே தெரியாம அந்த விசிலை எதுக்கு வெச்சாங்கன்னு இன்னைக்கும் எனக்கு விளங்கலை சாமி.

மறு வாரம், சவாரி இல்லாத ஒரு மத்தியானம், தனியாப் போனேன். விசிலைத் துடைச்சு டப்பாவுல வெச்சேன். கடைவீதியில வாங்கின சின்ன டார்ச்சை எரியுதான்னு பார்த்து, பக்கத்துல வெச்சேன். யாருக்குன்னு எனக்கும் தெரியலை. மூடியை அழுத்தி மூடிட்டு இறங்கி வந்தேன்.